ஓரறிவுயிரும் நமது கையொப்பமும்



ஜினேந்திரப் பெருமானின் எட்டுப் பிராதிகாரியங்களை நம் நூல்கள் வரிசைப்படுத்தும்போது முதலாவதாக நிற்பது முக்குடையன்று; அரியணையன்று; அசோக மரம். பிண்டி என்று நம் தமிழ்ச் சான்றோர் பெயரிட்டு அழைத்த மரம் அது. வினைகளை வென்ற பெருமானுக்கு வெயிலும் இல்லை, நிழலும் வேண்டுவதில்லை. எனினும் சமவசரணத்தில் பெருமான் வீற்றிருக்கும் இடத்தை ஒரு மரத்தைக் கொண்டே நம் முன்னோர் அடையாளம் காட்டினர். ஆதிபகவனாகிய விருஷபதேவர் கேவல ஞானம் எய்தியது ஆலமரத்தின் கீழ். வர்த்தமானர் எய்தியது ரிஜுகூலா ஆற்றங்கரையில், சால மரத்தின் கீழ். இடைப்பட்ட தீர்த்தங்கரர் ஒவ்வொருவருக்கும் ஒரு மரம் உண்டு. ஓரறிவே உடைய உயிரின் அருகில் முற்றறிவு மலர்ந்தது என்பதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். நின்று எண்ணிப் பார்த்தது எத்தனை முறை?

காஞ்சிக்கு அருகில் திருப்பருத்திக்குன்றம் சென்று வந்தவர்கள் அங்குள்ள குரா மரத்தை வலம் வந்திருப்பார்கள். வர்த்தமானர் திருக்கோயில் வளாகத்தில் நிற்கும் அம்மரத்தைப் போற்றும் தமிழ்ப் பாடல் ஒன்று அங்கே கல்லில் பொறிக்கப்பட்டுள்ளது. விசயநகரத்துத் தண்டநாயகர் இருகப்பர் 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் அத்திருக்கோயிலில் சங்கீத மண்டபம் எழுப்பினார். மண்டபம் எழுப்பியவரின் புகழைக் கல்லில் வெட்டிய அதே ஊரில், ஒரு மரத்தின் புகழையும் கல்லில் வெட்டினார்கள் என்பதை நாம் மறத்தலாகாது.

இனி நாம் வாழும் இடத்துக்கு வருவோம். வந்தவாசி, செய்யாறு, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் வட்டங்களில் இருந்த நம் குடும்பங்களுள் பல, படிப்பையும் பணியையும் நாடிச் சென்னையின் புறநகர்களில் குடியேறின. ஊரில் நிலமும் களமும் விட்டு வந்தவர்களுக்குப் புறநகரில் கிடைத்தது ஒரு மனையும் அதன் முன்னே ஒரு மண் சாலையும். அச்சாலைகளில் நகராட்சியோ முன்னவரோ வைத்த தூங்குமூஞ்சி, புங்கம், வேம்பு, பூவரசு, பெருங்கொன்றை ஆகியன முப்பது நாற்பது ஆண்டுகளில் தெருவையே மூடும் பந்தல்களாயின. இன்று அப்பந்தல்கள் ஒவ்வொன்றாகப் பிரிக்கப்படுகின்றன. தனி வீடு இடிந்து அடுக்குமாடி எழும்போது முதல் நாள் வேலையே மரத்தை நீக்குவதுதான். வடிகாலுக்குப் பள்ளம் தோண்டும்போது வேர் அறுகிறது. கார் நிறுத்த இடம் வேண்டும், கடையின் பெயர்ப்பலகை மறைகிறது, சருகு விழுகிறது, பறவை எச்சமிடுகிறது. காரணத்துக்கா பஞ்சம்?

பிறரைக் குறை கூறுவதற்கு முன் நம்முடைய செயல் ஒன்றைச் சொல்லிவிடுவது முறை.

சில ஆண்டுகளுக்கு முன், பங்குனி மாதத்து மாலை ஒன்றில், நம் தெருவைச் சேர்ந்த அன்பர் ஒருவர் ஒரு தாளோடு வந்தார். தெரு முனையில் நின்ற பெரிய தூங்குமூஞ்சி மரத்தை அகற்ற வேண்டும் என்று உள்ளாட்சி அலுவலகத்துக்கு எழுதிய விண்ணப்பம் அது. காய்கள் விழுந்து நசுங்கி வண்டி வழுக்குகிறது, சருகு வடிகாலை அடைக்கிறது, கிளை மின்கம்பியைத் தொடுகிறது என்று மூன்று காரணங்கள் எழுதப்பட்டிருந்தன. அப்போது பொழுது சாயும் நேரம். கதிரவன் மறைவதற்குள் உணவை முடித்துக்கொள்ள வேண்டும் என்ற அவசரம் நமக்கு. இலையில் சோறு பரிமாறப்பட்டிருந்தது. தாளை முழுவதும் படிக்கவில்லை. அண்டை அயலாரோடு ஏன் மனத்தாங்கல் என்ற எண்ணத்தில் கையொப்பமிட்டுவிட்டு உள்ளே சென்றோம். பதினொரு கையொப்பங்களில் நம்முடையது நான்காவது.

விளக்கொளியில் விட்டில் வந்து விழும், கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர் உணவில் கலக்கும் என்றுதானே இரவுண்ணாமையை நோற்கிறோம்? அந்த நோன்பைக் காக்கும் விரைவிலேயே நாம் அந்தக் கையொப்பத்தை இட்டோம்.

வைகாசியில் ஆட்கள் வந்தார்கள். இயந்திர ரம்பத்தின் ஓசை மூன்று நாள் கேட்டது. முதல் நாள் கிளைகள் விழுந்தன. அவற்றோடு காகக் கூடுகள் மூன்று விழுந்தன. இறகு முளையாத குஞ்சுகள் சாலையில் கிடந்தன. தாய்க் காகங்கள் மாலை வரை மின்கம்பத்தில் அமர்ந்து கரைந்தன. இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டும் முயிறுகள் சாலையெங்கும் சிதறி வண்டிச் சக்கரங்களில் அரைபட்டன. அந்த நிழலில் இருபது ஆண்டுகளாக இஸ்திரி வண்டி நிறுத்தியிருந்தவர் வேறு தெரு தேடிச் சென்றார். அவ்வாண்டுத் தசலட்சண நோன்பின் முடிவில் எல்லா உயிர்களிடமும் மன்னிப்பு வேண்டும் நாள் வந்தபோது, உறவினருக்கும் நண்பருக்கும் கைகூப்பினோம். அடிமரம் இருந்த இடத்தைக் கடக்கும்போது யாரிடம் கைகூப்புவது?

அன்பர் சிலர் கேட்பர்: மரம் நிலைத்திணை உயிர், ஏகேந்திரியம். இல்லறத்தார்க்கு விதிக்கப்பட்ட அணுவிரதம் திரச உயிர்களைக் கருதிக் கொல்லாமையே அன்றோ? ஸ்தாவர உயிர்களுக்கு ஊறு செய்யாமல் ஒரு நாளேனும் அடுப்பு எரியுமா? கேள்வி நியாயமானது. அதற்கு விடை நம் சிராவகாசார நூல்களிலேயே உள்ளது. இல்லறத்தானுக்கு ஸ்தாவர ஹிம்சை விலக்கப்படவில்லை என்பதன் பொருள், அது அவனுக்கு இன்றியமையாத அளவில் பொறுத்துக்கொள்ளப்பட்டது என்பதே. அளவு கடந்ததைத் தடுக்கவே அனர்த்த தண்ட விரதம் வைக்கப்பட்டது. பயனின்றிச் செய்யும் தீங்கு அனர்த்த தண்டம். சமந்தபத்திர சுவாமிகள் தமது இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் அதனை ஐந்தாகப் பகுத்தார். வீணே நிலத்தைத் தோண்டுதல், நீரைக் கொட்டுதல், தீ மூட்டுதல், பயிர் பச்சையை வெட்டுதல் ஆகியவை பிரமாத சரிதம். கோடரி, மண்வெட்டி போன்ற கருவிகளைப் பிறருக்குக் கொடுத்து உதவுதல் ஹிம்சாதானம். உயிர்க்கு ஊறு விளைக்கும் செயலைப் பிறருக்கு எடுத்துக் கூறித் தூண்டுதல் பாபோபதேசம். "அந்த மரத்தை எடுத்துவிட்டால் உங்கள் வீட்டுக்கு முகப்பு நன்றாக இருக்கும்" என்று புதுமனை புகுவிழாவில் சாப்பிட்டுக்கொண்டே சொல்லிவிட்டு வருகிறோமே, அது இம்மூன்றாவது வகையில் சேரும். நாம் மரத்தைத் தொடக்கூட இல்லை என்ற சமாதானம் அங்கே செல்லாது. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்ற மூன்றும் மனம், மொழி, மெய் என்ற மூன்றோடு உறழ ஒன்பது வழிகளில் வினை வந்து ஒட்டும் என்பது சிறுவர்க்கும் பாடசாலையில் கற்பிக்கப்படுவது. விண்ணப்பத் தாளில் இட்ட கையொப்பம் உடன்பாடு அன்றி வேறென்ன?

மேலும், பெருமரம் ஒன்றை வீழ்த்துவது ஸ்தாவர ஹிம்சையோடு நின்றுவிடுகிறதா என்பதே பெரிய கேள்வி. பட்டைக்குள் புழு இருக்கிறது; அது ஈரறிவுயிர். கிளையில் எறும்பு ஊர்கிறது, மூவறிவுயிர். பூவில் வண்டு மொய்க்கிறது, நாலறிவுயிர். பொந்தில் கிளியும் கவட்டில் அணிலும் வாழ்கின்றன, ஐயறிவுயிர்கள். தத்துவார்த்த சூத்திரம் புலன்களின் ஏற்றத்தை விளக்க எடுத்துக்காட்டும் புழு, எறும்பு, வண்டு ஆகிய மூன்றும் ஒரே வேப்பமரத்தில் குடியிருக்கின்றன. அம்மரம் விழும்போது அழிவது ஓர் ஓரறிவுயிர் மட்டுமே என்று கணக்கெழுதுவது பொய்க் கணக்கு.

இதற்கு நம் வீட்டுச் சான்று ஒன்றும் உண்டு. கள், ஊன், தேன் ஆகியவற்றோடு ஐவகை உதும்பரக் கனிகளையும் விலக்குதல் சிராவகரின் மூலகுணம் எட்டனுள் அடங்கும். ஆல், அரசு, அத்தி, இத்தி, பேயத்தி ஆகிய இவற்றின் கனிகளை நாம் ஏன் தொடுவதில்லை? அவற்றுள் திரச உயிர்கள் நிறைந்திருத்தலால். இக்காலத் தாவர நூலாரும் இதையே கூறுகின்றனர். அத்தி இனத்துப் பிஞ்சுக்குள் மிகச் சிறிய குளவி நுழைந்து மகரந்தம் சேர்க்கிறது. அதன் முட்டையும் குஞ்சும் அக்காய்க்குள்ளேயே வளர்கின்றன. அக்குளவி இன்றேல் அம்மரத்துக்கு விதை இல்லை. ஒரு கனியைப் பிட்டு வாயில் இடுவதற்கு அஞ்சும் நாம், ஆயிரமாயிரம் கனிகளோடு நிற்கும் அரச மரத்தைச் சுவரில் விரிசல் வருகிறது என்று அடியோடு வெட்ட இசைகிறோம். தண்ணீரைத் துணியிட்டு வடித்துக் குடிக்கும் குலத்தில் இந்த முரண்பாடு எப்படிப் புகுந்தது?

ஒன்றை வெட்டினால் பத்து நடுகிறோம் என்பது இப்போது எங்கும் கேட்கும் சொல். நடுவது நன்று, அதைத் தடுப்பார் யார்? ஆனால் நட்டதைக் காட்டி வெட்டியதை ஈடுசெய்ய முடியுமா? முழங்கால் உயரப் புங்கங்கன்று தெருவுக்கு நிழல் தர இன்னும் பல ஆண்டு செல்லும். கன்றில் கூடு கட்டப் பறவை வருவதில்லை. வேனிலில் வளர்ந்த மரம் வேரால் நீரை உறிஞ்சி இலை வழியே ஆவியாக்கிச் சுற்றுப்புறத்தைக் குளிர்விக்கிறது. அவ்வேலை இலைப்பரப்பின் அளவைப் பொறுத்தது. பத்துக் கன்றுகளின் இலைகளைக் கூட்டினாலும் முதிர்ந்த மரத்தின் ஒரு கிளைக்கு ஈடாகாது. அப்பத்தில் எத்தனை அடுத்த கோடையைக் காண்கின்றன என்பதும் நாம் அறிந்ததே. கூண்டு மட்டும் நிற்கும், உள்ளே குச்சியிருக்கும்.

பணத்தால் அளந்தால்தான் விளங்கும் என்பார்க்கும் சொல்ல ஒன்று உண்டு. மேற்கு வங்கத்தில் மேம்பாலங்களுக்காக 356 மரங்களை வெட்ட முற்பட்ட வழக்கில், உச்சநீதிமன்றம் அமைத்த வல்லுநர் குழுவின் அறிக்கை 2021இல் வெளிவந்தது. ஒரு மரத்தின் மதிப்பு ஆண்டொன்றுக்கு 74,500 ரூபாய் எனவும், அதில் 45,000 ரூபாய் அது தரும் உயிர்வளிக்கு உரியது எனவும் அக்குழு கணித்தது. அம்மதிப்பை மரத்தின் வயதால் பெருக்க வேண்டும் என்றும் கூறியது. நம் தெருமுனைத் தூங்குமூஞ்சிக்கு நாற்பது வயது இருக்கும். பெருக்கிப் பார்த்தபோது நமக்கு வெட்கமே மிஞ்சியது. 2025 மார்ச்சில் அதே நீதிமன்றம், மதுராவில் ஒருவர் தமது நிலத்தில் அனுமதியின்றி வெட்டிய 454 மரங்களுக்கு, மரமொன்றுக்கு 1 லட்சம் ரூபாய் வீதம் தண்டம் விதித்தது. பெருந்தொகையாக மரங்களை வெட்டுதல் மனிதக் கொலையினும் கொடிது என்றும் நீதிபதிகள் கருத்துரைத்தனர். அந்த மதுரா, இறுதிக் கேவலியாகிய ஜம்பு சுவாமி வீடுபேறு எய்திய தலமாகத் திகம்பரர் போற்றும் மதுராவே.

தமிழகத்தில் மலைப்பகுதி மரங்களைக் காக்க 1955ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. அண்டைக் கருநாடகத்தில் 1976இல் மரப்பாதுகாப்புச் சட்டம் வந்தது. நம் சமவெளிப் புறநகர்களில் பொது நிலத்து மரத்துக்கு அலுவலக அனுமதி என்ற காவல் உண்டு. வீட்டு மனைக்குள் நிற்கும் மரமோ பெரும்பாலும் வீட்டுக்காரரின் மனச்சான்று ஒன்றையே காவலாகக் கொண்டு நிற்கிறது.

அச்சத்தை நாம் இகழவில்லை. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்த நாளில் நாம் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தோம். ஒவ்வொரு மரமாக முறியும் ஓசை கேட்டது. பல்லாயிரம் மரங்கள் வீழ்ந்தன. அதன்பின் காற்று சற்று உரத்து அடித்தாலும் மரத்தை அண்ணாந்து பார்த்து அஞ்சுகிறோம். ஆனால் வீழ்ந்தவற்றின் அடியைப் பார்த்தவர்கள் ஒன்றைக் கண்டிருப்பர். அடிமரம் வரை சிமெண்டு பூசி, ஒருபுறம் வடிகாலுக்கு வேரறுத்து, மறுபுறம் கம்பிக்காகக் கிளை முழுவதையும் வெட்டி ஒருபக்கம் சாயவிட்ட மரங்கள் பல அவற்றுள் இருந்தன. மரத்தின் வேர் கிளைப்பரப்பையும் தாண்டிப் பரவுவது. அதில் பெரும்பகுதி மேல்மண்ணில் இரண்டு மூன்று அடிக்குள்ளேயே இருக்கிறது. அதன் கால்களை நாம் வெட்டிவிட்டு, விழுந்தது என்று பழியும் சுமத்துகிறோம். உண்மையாகவே உள்ளுளுத்து, வீட்டின்மேல் சாய்ந்து, மக்கள் உயிருக்கு இடரான மரத்தை நீக்குவதை அறம் தடுக்காது. அதை முடிவு செய்யத் தோட்டக்கலை, வனத்துறை அறிந்தவர் கண் வேண்டும். ஒரு கிளையை நீக்கினால் போதும் என்று அவர் கூறினால் அதோடு நிற்கும் மனமும் வேண்டும். கூடும் குஞ்சும் இல்லாத காலம் பார்த்தல் வேண்டும். அடியில் சில அடியேனும் மண்ணைத் திறந்து விடுதல், அறைந்த ஆணிகளைப் பிடுங்குதல், சருகை அங்கேயே கொளுத்தாமல் குழியிட்டு உரமாக்குதல் ஆகியவை எவரும் செய்யத்தக்கவை. பெண்மணிகள் சிலர் தம் தெருவில் இதைத் தாமே செய்துவருவதை நாம் கண்டிருக்கிறோம். ஆடவர் கூட்டம் போட்டுப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

அறுவகை லேசியைகளை விளக்கும் நாவல் மரக் கதையை அறியாதார் நம்மில் இல்லை. சிரவணபெளகொள மடத்துச் சுவரில் அது ஓவியமாகவே தீட்டப்பட்டுள்ளது. பசித்த அறுவர் கனி நிறைந்த நாவல் மரத்தைக் கண்டனர். வேரோடு சாய்ப்போம் என்றான் ஒருவன். அது கிருஷ்ண லேசியை. அடிமரத்தை வெட்டுவோம் என்றான் அடுத்தவன், நீலம். பெருங்கிளைகள் போதும் என்றவன் கபோதம். சிறுகிளை போதும் என்றவன் பீதம். கனியை மட்டும் பறிப்போம் என்றவன் பத்மம். உதிர்ந்து கிடப்பதை உண்போம் என்றவன் சுக்ல லேசியை உடையவன். ஆறு பேருக்கும் பசி ஒன்றே என்பதைக் கவனிக்க வேண்டும். நாம் வாழும் தீவுக்கே நாவலந்தீவு என்று பெயர். அறுவரும் இன்றும் நம் தெருக்களிலேயே வாழ்கின்றனர். வேரில் அமிலம் ஊற்றினால் தானே பட்டுப்போகும், எவரும் கேட்கமாட்டார் என்று மறைவாகச் சொல்பவர் ஒருவர் ஒவ்வொரு தெருவிலும் உண்டு. முதலாமவனைவிடக் கருமையான நிறம் இருந்தால் அது அவருக்கு உரியது.

இந்தக் கதையை இப்போது நினைக்க நமக்குத் தனிக் காரணம் உண்டு. நம் பகுதி அன்பர்கள் சேர்ந்து ஜினாலயத்துக்கும் சிறுவர் பாடசாலைக்கும் ஒரு மனை வாங்கியுள்ளனர். மனையின் வடகிழக்கு மூலையில் பெரிய நாவல் மரம் ஒன்று நிற்கிறது. முதலில் வரைந்த படத்தில் அம்மூலை மண்டபத்தின் படிக்கட்டாக இருந்தது. சென்ற கூட்டத்தில் மரியாதைக்குரிய பெரியவர் ஒருவர் எழுந்து, சமந்தபத்திரர் சுயம்பூ ஸ்தோத்திரத்தில் வாசுபூஜ்யரைப் போற்றும் இடத்தை எடுத்துரைத்தார். ஜினரைப் பூசிப்பவனுக்கு நேரும் சிறு குற்றம், குளிர்ந்த நன்னீர்க் கடலில் விழுந்த நஞ்சின் துளி போன்றது, கடலைக் கெடுக்காது என்பது அதன் கருத்து. ஆலயத்துக்காக ஒரு மரம் போவது அந்தத் துளிதானே என்றார். அவையில் சற்று நேரம் அமைதி நிலவியது.

நாம் தயங்கியே மறுமொழி கூறினோம். அவர் நம்மினும் கற்றவர். சுவாமிகள் கூறியது பூசையில் தவிர்க்க இயலாது நேரும் துளியைப் பற்றி. விளக்கேற்றும்போதும் நீராட்டும்போதும் மலர் தூவும்போதும் நேர்வது அது. தவிர்க்கக் கூடியதைத் தேடி எடுத்துக் கடலில் ஊற்றுக என்று அவர் கூறவில்லை. படிக்கட்டைத் தெற்கே மாற்ற முடியுமா என்று பொறியாளரைக் கேட்காமலேயே அதனைத் துளி என்று நாம் எப்படி அளந்தோம்? கேட்டுவிட்டு, முடியாது என்று அவர் சொன்னால் அப்போது அந்தப் பாடலை எடுத்துக்கொள்வோம்.

பொறியாளர் கேட்கப்பட்டார். முடியும் என்றார். மண்டபம் எட்டடி குறுகும், ஒரு தூணுக்குத் தனி அடித்தளம் வேண்டும், செலவு கூடும். பெருந்தொகை வாக்களித்த அன்பர் ஒருவர், மண்டபம் குறுகுவதானால் தம் நன்கொடையை மறுபடி எண்ணிப் பார்க்க வேண்டும் என்கிறார். அவர் மீது நமக்கு வருத்தமில்லை. தம் பெற்றோர் நினைவாகப் பெரிய மண்டபம் அமைய வேண்டும் என்பது அவர் ஆசை. முதல் படம், மாற்றிய படம் இரண்டும் செயலாளர் மேசையில் உள்ளன. ஆவணியில் கூடும் பொதுக்குழுவில் உறுப்பினர் ஒவ்வொருவரும் ஏதேனும் ஒன்றில் கையொப்பமிட வேண்டும். கூட்டத்தைப் பகலுணவுக்குப் பின் வைக்குமாறும், இரு படங்களையும் ஒரு வாரம் முன்னரே வீடுதோறும் அனுப்புமாறும் நாம் எழுதிக் கேட்டுள்ளோம்.

இப்போது ஆனி. நாவல் உதிர்கிறது. பாடசாலைச் சிறுவர்கள் ஞாயிறுதோறும் மனைக்கு வந்து, கீழே கிடக்கும் பழங்களில் புழுவுண்டா என்று ஒவ்வொன்றாகப் பிளந்து பார்த்து, நல்லதைத் தின்று ஊதா நாக்கோடு வீடு திரும்புகிறார்கள்.